யாருக்கும் சொந்தமில்லாததில் என் பங்கு எவ்வளவு?



ஆவணி, புரட்டாதி மாதங்களில் இரண்டு நாள் மழை பெய்து ஓய்ந்தால் போதும், சுவிற்சர்லாந்தின் ஊசியிலை மரக்காடுகளில் கூடையும் சிறு கத்தியுமாக ஆட்கள் நடமாடத் தொடங்கிவிடுவர். காளான் தேடி வருபவர்கள் இவர்கள். ஸ்ரைன்பில்ஸ் எனப்படும் தடித்த தண்டுக் காளானும், அயர்ஷ்வெம்லி எனப்படும் மஞ்சட் காளானும் இவர்களுக்கு மிகவும் பிடித்தவை. கடையில் வாங்கப் போனால் விலை அதிகம், காட்டிலோ காசில்லை. எம்மவரிற் சிலரும் இப்போது இதில் நாட்டம் கொண்டுள்ளனர். ஊரில் மாரி மழையின் முதல் இடிக்கு மறுநாள் விடியற்காலையில் புற்றடியிலும் வைக்கோற் போரடியிலும் காளான் தேடித் திரிந்தவர்களுக்கு இது புதிய பழக்கமும் அன்று.

மரக்கறி மட்டும் உண்ணும் குடும்பங்களிற் சில காளானைச் சேர்ப்பதில்லை என்பதை அறிவேன். அந்த விவாதத்துக்கு நான் வரவில்லை. என் கேள்வி வேறு. யாரும் விதைக்காமல், யாரும் நீரூற்றாமல், தானாக முளைத்த ஒரு பொருளில் ஒரு மனிதன் தனக்கென்று எவ்வளவு எடுக்கலாம்?

சுவிஸ் சட்டம் இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறது. 1907 இல் நிறைவேற்றப்பட்டு 1912 முதல் நடைமுறையில் இருக்கும் குடியியற் சட்டக்கோவையின் 699 ஆம் பிரிவு, காட்டுக்குள்ளும் மேய்ச்சல் நிலத்துக்குள்ளும் எவரும் நுழையலாம், காட்டுப் பழங்களையும் காளான்களையும் அந்த இடத்து வழக்கத்துக்கு ஏற்ற அளவில் எடுத்துக்கொள்ளலாம் என்கிறது. காட்டுக்கு உரிமையாளர் இல்லாமல் இல்லை. இந்நாட்டுக் காடுகளில் ஏறக்குறைய 30 வீதம் தனியாருடையது. மிகுதி பொது அமைப்புகளுடையது. ஆயினும் தனியார் காடு என்பதற்காக வழிமறிக்க முடியாது. கிடுகுவேலி ஒரு முழம் நகர்ந்ததற்காக நீதிமன்றப் படியேறுபவர்கள் வாழ்ந்த ஊரிற் பிறந்த எனக்கு இது பெரும் வியப்பாக இருந்தது. அதைவிட வியப்பு, 'எவரும்' என்ற அந்தச் சொல். குடியுரிமை உள்ளவர் என்று அங்கே எழுதப்படவில்லை. அகதியாக வந்து, எந்த மாநிலத்தில் வாழ்வது என்பதைக்கூட வேறொருவர் தீர்மானித்த காலத்தில், விண்ணப்பம் எழுதாமலே எனக்கிருந்த ஓர் உரிமை இது.

'வழக்கத்துக்கு ஏற்ற அளவு' என்றால் எவ்வளவு? சில மாநிலங்கள் அதை எண்ணிலேயே சொல்லிவிட்டன. பேர்ண் மாநிலத்தில் ஆளுக்கு நாளொன்றுக்கு 2 கிலோ. மாதத்தின் முதல் 7 நாட்களும் எடுக்கக்கூடாது. சூரிச் மாநிலத்தில் ஆளுக்கு 1 கிலோ. 

எண் என்று வந்துவிட்டால் அதற்குள் எவ்வளவு இடமுண்டு என்று பார்ப்பது கணக்காளனாகிய என் தொழிற் பழக்கம். சில வருடங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பேர்ண் மாநிலத்துக் காடொன்றுக்குக் குடும்பமாகப் போனோம். நான், மனைவி, மாமி, மூத்த மகள், சின்னவன். 5 பேர், எனவே 10 கிலோ. முழங்கால் நோவினால் மாமி காரை விட்டு இறங்கவே இல்லை. சின்னவன் தள்ளுவண்டியில் நித்திரை. எனினும் இருவரையும் கணக்கிற் சேர்த்துக்கொண்டேன். நல்ல மழைக்குப் பின்னான நாள். இரண்டு கூடைகளும் நிரம்பின.

"ஏனப்பா, இவ்வளவும் ஆருக்கு?" என்று மனைவி கேட்டா.

"கணக்குக்குள்ளதானே நிக்கிறம்" என்றேன்.

திரும்பும் வழியில் காளான் பரிசோதனை நிலையத்துக்குக் கொண்டு போனோம். இந்நாட்டில் பல ஊராட்சிகள் இதற்கெனப் பயிற்சி பெற்றவர்களை வைத்திருக்கின்றன. பெரும்பாலும் கட்டணம் இல்லை. இப்படியான பரிசோதனை அமைப்புகளின் சங்கம் 1925 இலேயே தொடங்கப்பட்டுவிட்டது. அங்கிருந்த வயதான அம்மையார் ஒரு கூடையை மேசையிற் கொட்டி ஒவ்வொன்றாகப் பார்த்தார். முற்றிப்போனவை, புழு விழுந்தவை என்று பாதிக்கு மேல் ஒருபுறம் ஒதுங்கின. பிறகு ஒன்றைக் கையில் எடுத்தவர் அப்படியே நின்றுவிட்டார். வெளிறிய பச்சைத் தொப்பி, வெள்ளைத் தண்டு, தண்டின் அடியில் கிழிந்த பை போன்ற ஓர் உறை. ஜேர்மன் மொழியில் க்னொலன்பிளேற்றர்பில்ஸ் என்று பெயர். காளான் நஞ்சினால் இறப்பவர்களிற் பெரும்பாலோரைக் கொல்வது இந்த ஒன்றே. காட்டின் விளிம்பில் இலையுதிர் மரங்கள் நின்ற இடத்தில், வீட்டு வைக்கோற் போரடியிற் கண்ட காளானென்று எண்ணி அதை எடுத்தவன் நான். அந்தக் கூடையில் இருந்த எதையும் அவர் திருப்பித் தரவில்லை.

"எத்தனை பேர் சாப்பிட இருந்தீர்கள்?" என்று மட்டும் கேட்டார். ஐந்து பேர் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

அன்பர்கள் இதை அறிந்திருப்பது நல்லது. இந்த நஞ்சு அவித்தாலும் பொரித்தாலும் அழியாது. உண்டு 6 முதல் 24 மணி நேரம் வரை ஒன்றும் தெரியாது. பிறகு வாந்தியும் வயிற்றோட்டமும் வரும். அடுத்த நாள் குணமானது போலத் தோன்றும். அந்த நேரத்திலேயே ஈரல் அழிந்துகொண்டிருக்கும். வெப்ப நாடுகளின் வைக்கோற் காளானுக்கும் அடியில் உறை உண்டு. இளம் பருவத்தில் இரண்டும் ஒன்று போலவே தெரியும். 2015 ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில், ஜேர்மனிக்கு வந்து சேர்ந்த அகதிகள் பலர் இந்தக் காளானை உண்டு நோயுற்றனர், உயிரிழப்பும் நேர்ந்தது. தம் நாட்டில் உண்ட காளான் என்று நம்பி எடுத்தவர்கள் அவர்கள். ஊரிற் சோறு தந்த அறிவு, இடம் மாறியதும் உயிருக்கே உலை வைத்துவிட்டது.

அன்றிரவு நான் யோசித்தது இதுதான். ஒரு கூடை மட்டும் எடுத்திருந்தால் ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்த்திருப்பேன். பத்துக் கிலோவை நிரப்ப வேண்டும் என்ற அவசரத்தில் கை முந்தியது, கண் பிந்தியது. சட்டத்தை நான் மீறவில்லை. கணக்கு சரி, ஆனால் கணக்கை எழுதியது ஆசை.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். அளவாக எடுத்தால் காளானுக்கு ஏதும் நன்மை உண்டா? சுவிஸ் காட்டு ஆராய்ச்சி நிறுவனம் பிறிபூர்க் மாநிலத்தின் லா ஷனேயா காட்டில் 1975 முதல் பல்லாண்டு காலம் இதை ஆராய்ந்தது. 2006 இல் வெளியான முடிவின்படி, காளானைப் பறிப்பதால் அடுத்தடுத்த ஆண்டுகளின் விளைச்சலோ வகைகளின் எண்ணிக்கையோ குறையவில்லை. பிடுங்கினாலும் கத்தியால் வெட்டினாலும் வேறுபாடில்லை. நிலத்தை மிதிப்பதுதான் முளைக்கும் தொகையைக் குறைத்தது. நாம் எடுப்பது நிலத்தின் கீழ் நூல் போலப் படர்ந்திருக்கும் உயிரின் காய் போன்றது. காயைப் பறித்தால் மரம் சாகாது.

அப்படியானால் 2 கிலோ என்ற எல்லை வீணா? அல்ல என்பதே என் எண்ணம். அந்த எல்லை காளானுக்காக மட்டும் போடப்பட்டதன்று, எனக்குப் பின்னால் வருபவருக்காகவும் போடப்பட்டது. காலையில் முதலாவதாகப் போனவர் எல்லாவற்றையும் வாரிச் சென்றால், பத்து மணிக்குப் பேரப்பிள்ளையோடு வரும் கிழவருக்கு 'எவரும்' என்ற சொல் வெறும் எழுத்தாகிவிடும். மானும் நத்தையும் அதே காளானைத் தின்பவை. அவை விண்ணப்பம் எழுதுவதில்லை.

எங்கள் கோயிலில் இதை நாம் அறியாதவர்கள் அல்லர். அன்னதான வரிசையில் பானைக்கு விலை இல்லை, யாரும் நிறுத்துக் கொடுப்பதில்லை. ஆனால் முன்னால் நிற்பவர் ஐந்து வடை அள்ளினால் கடைசியில் நிற்கும் பிள்ளைக்கு வடை இல்லை. வீட்டில் இருப்பவரின் பெயரால் இன்னொரு பெட்டி நிரப்பும்போது நாம் எல்லோரும் சின்னவனைத் தள்ளுவண்டியோடு கணக்கிற் சேர்த்தவர்களே.

வள்ளுவர் பிறர் பொருளை விரும்பாமையை 'வெஃகாமை' என 18 ஆம் அதிகாரத்தில் இல்லறத்தானுக்கு வைத்தார். ஆசையையே வேரறுப்பதை 'அவாவறுத்தல்' என 37 ஆம் அதிகாரத்தில் துறவிக்கு வைத்தார். காடு இந்த இரண்டுக்கும் இடையில் நிற்கிறது. அங்கே பொருள் பிறருடையதும் அல்ல, ஆகவே களவு இல்லை. நாம் துறவிகளும் அல்லர், ஆகவே எடுக்காமல் வரத் தேவையில்லை. தடுக்க ஓர் உடையவன் இல்லாத இடத்தில், எப்போது நிறுத்துவது என்பதை நாமே முடிவு செய்யவேண்டி இருக்கிறது. அது களவு செய்யாமல் இருப்பதைவிடக் கடினம் என்பது என் அனுபவம்.

காளானுக்குப் போகும் அன்பர்கள் நிச்சயமாகத் தெரிந்ததை மட்டும் எடுங்கள். எடுத்ததைப் பரிசோதகரிடம் காட்டாமல் அடுப்பில் ஏற்றாதீர்கள். ஐயம் இருந்தால் நஞ்சுத் தகவல் நிலையத்தின் 145 ஆம் இலக்கத்துக்கு உடனே தொலைபேசி எடுங்கள்.

நானும் திருந்திவிட்டேன் என்று சொல்லமாட்டேன். நல்ல இடமொன்றைக் கண்டால் இன்றும் கை இரண்டாவது கூடையைத் தேடுகிறது. அதனால் இரண்டாவது கூடையை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகிறேன்.