உருகலும் உருக்கலும்

திருவாசகம் கேட்கிறோம், கண்ணில் நீர் வரவில்லையே என்று சிலர் வருத்தப்படுகிறார்கள். அவர்களுக்காகவே இன்று ‘உருகு’ என்ற சொல்லை எடுத்துக்கொள்கிறேன்.

பெருகு, பெருக்கு என்பதுபோல உருகு தன்வினை, உருக்கு பிறவினை. வெண்ணெய் உருகுகிறது என்கிறோம், உருக்கியது அடுப்பு. உப்பு கரைய நீர் போதும். உருகுவதற்கோ சூடு வேண்டும், அது வெளியிலிருந்துதான் வர வேண்டும்.

உருக்கு என்றால் எஃகு என்றும் பொருள். கன்னடத்திலும் தெலுங்கிலும் அதுவே ‘உக்கு’. 1795-இல் லண்டன் ராயல் சொசைட்டியில் ‘ஊட்ஸ்’ என்று ஆராயப்பட்ட நம் நாட்டு எஃகின் பெயர் இந்த உக்கிலிருந்து வந்தது என்பது அறிஞர் பலரின் கருத்து. இரும்பு நெஞ்சம் என்று நம்மை நாமே நொந்துகொள்கிறோமே, இரும்பும் உருகும் ஐயா!

உருகிய உலோகம் திருமேனியாவதையும் பாருங்கள். சென்னை மயிலையில் பங்குனிப் பெருவிழாவின் எட்டாம் நாள் அறுபத்து மூன்று நாயன்மார்களின் செப்புத் திருமேனிகள் மாட வீதியில் எழுந்தருளுகின்றன. இத்தகைய திருமேனிகளை வார்க்கும் முறையைச் சுவாமிமலையில் இன்றும் பார்க்கலாம். ஸ்தபதி தேன்மெழுகில் குங்கிலியம் கலந்து முதலில் உருவத்தைப் பிடிக்கிறார். கண், விரல், அணிகலன் எல்லாம் மெழுகிலேயே வந்துவிடும். அதன்மேல் காவிரி வண்டலை மெல்லப் பூசி, உலர்த்தி, நெருப்பில் காட்டுகிறார். மெழுகு உருகித் துளை வழியே வெளியேறிவிடும். உள்ளே வெற்றிடம். அதில்தான் உருக்கிய உலோகத்தை ஊற்றுகிறார். மெழுகு கொஞ்சம் தங்கிவிட்டாலும் திருமேனியில் பழுது. ‘நான்’ என்பது அந்த மெழுகு. அது தானே தன்னை வெளியேற்றிக்கொள்ளாது.

திருவாசகம் பாடிய மாணிக்கவாசகரைப் பாருங்கள். பாண்டியனின் அமைச்சர், அரசனுக்குக் குதிரை வாங்கப் புறப்பட்டவர். உருகப் போகிறோம் என்று நினைத்தா போனார்? திருப்பெருந்துறையில் குருந்த மரத்தடியில் சிவனே குருவாக வீற்றிருந்தார். சூடு அங்கே இருந்தது, இவர் அருகில் போனார், அவ்வளவுதான். அப்படிப்பட்டவரே தம் நெஞ்சு உருகவில்லையே என்று பாட்டுக்குப் பாட்டு முறையிடுகிறார். ஆகவே கண்ணீரை வரவழைக்கப் பாடுபடாதீர்கள். பாட்டின் பக்கத்தில் உட்காருங்கள், தினமும் உட்காருங்கள். உருக்குவது அவன் வேலை.

நாளை திருவாசகத்தில் வரும் திருச்சதகத்தின் முதல் பத்தாகிய மெய்யுணர்தலைப் பார்ப்போம். புத்தகம் உள்ளவர்கள் கையோடு கொண்டு வாருங்கள், சேர்ந்தே ஓதலாம்.