உளி யாருக்குச் சொந்தம்?

ஆசிரியன் ஒருவன் தன் வகுப்பில் தலைகுனிந்து நின்ற நிகழ்ச்சியோடு தொடங்குகிறேன். அந்த ஆசிரியன் வேறு யாருமல்லன், நான்தான்.

எட்டாம் வகுப்பு. வீட்டுப்பாடம் எழுதாமல் வந்திருந்த மாணவனைப் பார்த்து, "இப்படியே இருந்தால் மரம் செதுக்கத்தான் போவாய்" என்று கடிந்தேன். பையன் அழவில்லை, அஞ்சவும் இல்லை. "உங்க அப்பா மரம் செதுக்குறவர்தானே சார்?" என்று கேட்டான். அந்தக் குரலில் கேலி துளியும் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். அதனால்தான் அக்கேள்வி ஆழமாய்ப் பாய்ந்தது.

ஆம், என் தந்தை தச்சர். அவருடைய தந்தையும் தச்சர். நானோ பட்டம் பெற்றவன். மேடை கிடைத்தால் உழைப்பின் உயர்வைப் பேசுகிறவன். பிறப்பைக் காட்டித் தொழிலுக்கு ஏற்றமும் தாழ்வும் கற்பிப்பது மடமை என்று முழங்குகிறவன். மாலையில் மேடையில் எதிர்த்ததைக் காலையில் வகுப்பறையில் வழிமொழிந்துவிட்டேன்! பழைமை எங்கோ கோயில் கோபுரத்தில் குடியிருப்பதாக எண்ணியிருந்தேன். அது என் நாக்கின் நுனியிலேயே குடியிருந்தது.

கையால் செய்யும் தொழில் இழிவானதா? "இல்லை" என்று நாம் அனைவரும் ஒரே குரலில் சொல்வோம். அப்படியானால் நம் பிள்ளை அதைக் கற்கட்டும் என்போமா? அங்கே குரல் தடுமாறுகிறது. இழிவில்லை, ஆனால் என் பிள்ளைக்கு வேண்டாம்! இவ்விரண்டும் ஒருங்கே உண்மையாக இருக்க முடியுமா? இதுதான் என்னை உறங்கவிடாத கேள்வி.

விடையை ஏட்டில் தேடுமுன் மரத்தில் தேடினேன். கோடை விடுமுறையில் வீட்டுக்குச் சென்று, மரவை ஒன்று குடையக் கற்றுத்தாருங்கள் என்று தந்தையைக் கேட்டேன். உப்பையும் புளியையும் உலோகக் கலத்தில் வைத்தால் அரித்துவிடும் என்று நம் பாட்டிமார் அடுப்படியில் மரக் கிண்ணம் வைத்திருந்தார்கள் அல்லவா, அதுதான் மரவை. இன்று அதன் இடத்தில் பிளாஸ்டிக் டப்பா இருக்கிறது.

தந்தை இசையவில்லை. "உன் கையில உளி ஏறக் கூடாதுன்னுதானேடா என் கை இப்படிக் காய்ச்சுப்போச்சு?" என்று உள்ளங்கையை விரித்துக் காட்டினார். அதற்கு மறுமொழி என்னிடம் இல்லை. மூன்று நாள் அவர் பின்னாலேயே திரிந்தேன். நான்காம் நாள் வாய்ச்சியை எடுத்துக் கையில் கொடுத்தார்.

பூவரசங்கட்டை, வெட்டி அதிக நாள் ஆகாதது. உலர்ந்து இறுகிய மரத்தைவிடப் பச்சை மரம் கருவிக்கு எளிதில் இணங்கும். கட்டையை நெடுக்கே பிளந்து, நடுநெட்டியை முழுவதும் செதுக்கி எறிந்தார். ஏன் என்றேன். "நெஞ்சு இருந்தா வெடிக்கும்" என்றார். அவருடைய விளக்கம் அவ்வளவே. நான் பின்னர் படித்தறிந்த காரணம் இது: மரம் உலரும்போது எல்லாப் பக்கமும் ஒரே அளவில் சுருங்குவதில்லை. நடுவிலிருந்து வெளிநோக்கிச் சுருங்குவதைப்போல் ஏறத்தாழ இருமடங்கு, ஆண்டு வளையத்தின் போக்கிலே சுருங்குகிறது. நெட்டியைச் சுற்றி வளையங்கள் முழுமையாக நின்றுவிட்டால் அந்த இழுபறியில் மரம் பிளந்தே தீரும். ஏடு பல வரிகளில் சொன்னதை அவர் மூன்று சொற்களில் சொல்லியிருந்தார்.

உட்புறத்தைக் குடையும்போது விளிம்பிலிருந்து நடுவை நோக்கி இறங்க வேண்டும். வெளிப்புறத்தைச் செதுக்கும்போது வயிற்றிலிருந்து விளிம்பை நோக்கிச் செல்ல வேண்டும். மரத்தின் நார் ஓடும் போக்கு அப்படி. எதிர்த்துப் போனால் நார் பிய்ந்து பள்ளம் விழும். என் முதல் மரவையில் அத்தகைய பள்ளங்கள் பல. அதோடு, செய்து முடித்த மகிழ்ச்சியில் அதை வெயிலில் வைத்துவிட்டேன். மாலைக்குள் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை வெடித்துவிட்டது. நாரின் வெட்டுமுனை விரைந்து உலரும். நடுப்பகுதி ஈரமாகவே இருக்கும். அதனால் வந்த வெடிப்பு. அடுத்த மரவையைச் செதுக்குத்தூளோடு சாக்கில் பொதிந்து நிழலில் வைத்தோம். மெல்ல உலர்ந்தது. வட்டமாய்க் குடைந்தது சற்றே நீள்வட்டமாயிற்று, ஆனால் வெடிக்கவில்லை.

அடிக்குழியை மழிக்க வளைந்த கத்தி ஒன்று வேண்டியிருந்தது. கடைக்குப் போவோமா என்றேன். தந்தை தேய்ந்துபோன பழைய அரம் ஒன்றை எடுத்துக்கொண்டு கொல்லர் பட்டறைக்கு நடந்தார். கொல்லர் அதை உலையில் சிவக்கக் காய்ச்சிச் சாம்பலுக்குள் புதைத்து மெல்ல ஆறவிட்டார்; எஃகு இளகிற்று. பல்லைத் தேய்த்து நீக்கி, மெல்லியதாக்கி, மறுபடி காய்ச்சி வளைத்தார். பிறகு மீண்டும் சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் தோய்த்தார். இப்போது அது கண்ணாடிபோல் கடினமாகிவிட்டது. கீழே விழுந்தால் உடையும். ஆகவே அதைப் பளபளக்கத் தேய்த்து, இளஞ்சூட்டில் மெல்ல வாட்டினார். வெண்மை மாறி வைக்கோல் நிறம் படர்ந்ததும் நிறுத்தினார். அந்த நிறம் ஏறத்தாழ 230 பாகை செல்சியசு வெப்பத்தின் அடையாளம். கூர்மையும் நிலைக்க வேண்டும், உடையவும் கூடாது. இரண்டுக்கும் நடுவில் நிற்கும் அந்த நிலைக்குத்தான் தோய்ச்சல் பதம் என்று பெயர்.

எண்ணெயில் தோய்க்கும் நேரத்தை எப்படி அறிகிறீர்கள் என்று கொல்லரைக் கேட்டேன். கண்ணுக்குத் தெரியும் என்றார். நான் பள்ளி ஆய்வகத்திலிருந்து காந்தம் ஒன்று கொண்டுபோயிருந்தேன். இரும்பு ஏறத்தாழ 770 பாகை வெப்பத்தில் காந்தத்தால் ஈர்க்கப்படும் தன்மையை இழக்கும். அரத்தின் எஃகைக் கடினமாக்கும் வெப்பம் அதற்குச் சற்று மேலே. காந்தம் ஒட்ட மறுத்தது. சற்றைக்கெல்லாம் கொல்லர் "போதும்" என்றார். அவர் கண்ணும் என் காந்தமும் ஒரே தீர்ப்பைச் சொல்லின!

தோழர்களே, இது அறிவு அல்ல என்று யார் சொன்னது? கருதிப் பார்த்தல், செய்து பார்த்தல், தவறுதல், தவற்றின் காரணம் கண்டு திருத்துதல்: விஞ்ஞானம் என்று நாம் போற்றுவதன் படிகள் இவைதாமே! எனினும் இந்த அறிவுக்கு இந்நாடு கொடுத்த பெயர் என்ன? கீழோர் தொழில்! ஏடு பிடித்தவன் உளி பிடித்தால் தீட்டு. உளி பிடித்தவன் ஏடு பிடித்தால் குற்றம். விளைந்தது என்ன? எழுதத் தெரிந்தவனுக்குச் செய்யத் தெரியவில்லை. செய்யத் தெரிந்தவனை எழுதவிடவில்லை. கொல்லர் ஒருவர் மறைந்தால் அவருடைய தோய்ச்சல் பதமும் அவரோடு மறைந்தது. ஆண்டுக்கு ஒருநாள் ஆயுத பூசை என்று உளிக்குப் பொட்டு வைக்கிறோம். உளி பிடித்த கைக்கு என்ன வைத்தோம்?

இங்கே ஒருவர் குறுக்கிட்டுக் கேட்கலாம்: "இதைத்தானே 1953-இல் இராசாசியும் சொன்னார்? பள்ளி நேரத்தை நாளுக்கு மூன்று மணியாகக் குறைத்து, மற்ற நேரம் பிள்ளை பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும் என்றபோது குலக்கல்வி என்று கொதித்தெழுந்தீர்களே! 1954-இல் காமராசர் முதலமைச்சராகி அத்திட்டத்தைக் கைவிட்டபோது களித்தீர்களே! இப்போது நீரே கைத்தொழிலுக்குக் கொடி பிடிக்கலாமா?"

நேர்மையான கேள்வி. விடை சொல்ல, நம் நாட்டுச் சண்டைக்கு அப்பாற்பட்ட ஓரிடத்துக்கு உங்களை அழைத்துச் செல்கிறேன்.

பின்லாந்து நாட்டில் 1866-ஆம் ஆண்டுத் தொடக்கப் பள்ளிச் சட்டத்தால் கைவேலை ஒரு பாடமாயிற்று. அதற்கு வழிவகுத்தவர் ஊனோ சிக்னேயசு என்னும் கல்வியாளர். அவரிடம் கற்றறிந்தவர் சுவீடன் நாட்டு ஓட்டோ சாலமன். கோத்தன்பர்க் நகருக்கு அருகே, நேசு என்னும் பண்ணையில், வணிகரான தம் மாமனின் பொருளுதவியோடு 1875-இல் ஆசிரியர் பயிற்சிக் கூடம் தொடங்கினார். அக்கல்விக்கு சுலாய்டு என்று பெயர். பிள்ளையின் கையில் முதலில் கொடுத்த கருவி கத்தி. எளிய பொருளில் தொடங்கிப் படிப்படியாகக் கடினமான பொருளுக்குச் செல்ல வேண்டும். மரக்கரண்டி, அகப்பை, கிண்ணம் என்று வீட்டுக்குப் பயன்படும் பொருள்கள். ஆடம்பரப் பொருளுக்கு இடமில்லை. ஒரு பொருளைத் தொடக்கம் முதல் முடிவுவரை ஒரே பிள்ளை செய்ய வேண்டும். பல நாடுகளிலிருந்து ஆசிரியர்கள், ஆண்களும் பெண்களுமாக, அங்கே வந்து கற்றுச் சென்றார்கள்.

சாலமனின் நோக்கம் தச்சர்களை உருவாக்குவதன்று. உடலுழைப்பின்மேல் மதிப்பு, தன் காலில் நிற்கும் துணிவு, கூர்ந்து நோக்கும் பழக்கம், துல்லியம்: இவற்றைப் பிள்ளையிடம் வளர்ப்பதே நோக்கம். கிண்ணம் கோணலானாலும் பிள்ளை நேராக வேண்டும் என்பது அக்கல்வியின் உட்பொருள்.

இப்போது இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். அங்கும் மரம், இங்கும் மரம். அங்கும் கத்தி, இங்கும் கத்தி. வேறுபாடு எங்கே? அங்கே ஆசிரியர், "நீ பிள்ளை, ஆகவே இதைக் கற்றுக்கொள்" என்றார். இங்கே திட்டம், "நீ தச்சன் பிள்ளை, ஆகவே இதைக் கற்றுக்கொள்" என்றது. ஒற்றைச் சொல்தான் கூடியிருக்கிறது. அந்த ஒரு சொல்லுக்குள் மூவாயிரம் ஆண்டு அடிமைத்தனம் அடங்கியிருக்கிறது! வழக்கறிஞர் பிள்ளைக்கும் அர்ச்சகர் பிள்ளைக்கும் உளியைக் கொடுத்து, தச்சர் பிள்ளைக்கு ஏட்டைக் குறைக்காமல் இருந்திருந்தால் அதைக் குலக்கல்வி என்று யார் சொல்லியிருப்பார்கள்? நாம் எதிர்த்தது உளியை அன்று. உளியில் பூட்டியிருந்த விலங்கை.

அயல்நாடு என்பதாலேயே அனைத்தும் பொன் என்று நான் சொல்லவில்லை. அங்கேயும் பிறப்பு தன் வேலையைக் காட்டிற்று. ஆண்பிள்ளைக்கு மரம், பெண்பிள்ளைக்கு ஊசி நூல் என்று நெடுங்காலம் பிரித்தே வைத்திருந்தார்கள். சுவீடனில் 1969-ஆம் ஆண்டுப் பாடத்திட்டம் வந்த பிறகே இருபாலருக்கும் இரண்டும் கட்டாயமாயின. அதைப் படித்தபோது எனக்கு என் தங்கையின் நினைவு வந்தது. என் தந்தை எனக்கு உளியை மறுத்தார், அன்பால் மறுத்தார். என் தங்கைக்கு அவர் மறுக்கவே இல்லை. ஏனெனில் அவள் கேட்கக்கூடும் என்ற எண்ணமே எங்கள் வீட்டில் யாருக்கும் எழவில்லை. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இன்னொரு தடை: "எந்திரம் நொடிக்கு நூறு கிண்ணம் வார்க்கிறது; கையால் குடைவது பழைமைக்குத் திரும்புவதாகாதா?" எந்திரம் வரட்டும், முதுகெலும்பை ஒடிக்கும் வேலையை அது வாங்கிக்கொள்ளட்டும். மரவை விற்றுப் பிழைக்கும்படி யாரையும் நான் அழைக்கவில்லை. என் தந்தையின் காய்ப்பேறிய கையைக் கவிதையாக்கவும் எனக்கு மனமில்லை. குறைந்த கூலிக்கு நெடுநேரம் உழைத்து வந்த காய்ப்பு அது. நான் கேட்பது வேறு. தான் பயன்படுத்தும் பொருள் எப்படி உருவாகிறது என்று அறியாதவன், எதை யார் எப்படி விற்றாலும் வாங்குகிறவனாகவே இருப்பான். தன் கருவியைத் தானே செய்து, கெட்டால் தானே திருத்தத் தெரிந்தவனை எளிதில் ஏய்க்க முடியாது. "ஏன்?" என்று கேட்கும் பழக்கம் வாயோடு நின்றால் அது வெறும் வாதம். கைக்கும் இறங்கினால்தான் அது பகுத்தறிவு.

ஆகவே தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு என் விடை இது. "இழிவில்லை, ஆனால் என் பிள்ளைக்கு வேண்டாம்" என்று என் தந்தை சொன்னது நியாயம். ஏனெனில் அவர் பிள்ளைக்கு மட்டுமே அது விதிக்கப்பட்டிருந்தது. அதே சொல்லை நான் சொன்னால் அது நியாயமாகாது. விலங்கை உடைத்தவர்களின் தோளில் ஏறி வந்தவன், விலங்கோடு சேர்த்து உளியையும் குப்பையில் எறிந்தால், அந்தத் தொழில் இழிவுதான் என்று பகைவன் எழுதிய தீர்ப்பில் நானே கையொப்பமிட்டவன் ஆவேன். எவருக்கும் விதிக்கப்படாததாக, அனைவருக்கும் கற்பிக்கப்படுவதாக, செய்தவருக்கு உரிய கூலியும் மதிப்பும் கொடுப்பதாக இருக்கும்போதுதான் ஒரு தொழில் இழிவு நீங்கியதாகும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் மற்றவை வெறும் பேச்சு.

பள்ளி திறந்ததும் வெடித்த மரவை, வெடிக்காத மரவை, வளைந்த கத்தி மூன்றையும் வகுப்புக்குக் கொண்டுபோனேன். அன்று நான் சொன்னது தவறு என்று அந்த மாணவனிடம் எல்லோர் முன்னிலையிலும் சொன்னேன். அவன் வெடித்த மரவையைத்தான் முதலில் கையில் எடுத்தான். ஏன் வெடித்தது என்று கேட்டான். சொன்னேன். பின்வரிசைப் பெண் ஒருத்தி, தனக்கும் கற்றுத்தருவீர்களா என்றாள்.

அன்று மாலை தந்தையிடம் தொலைபேசியில் கேட்டேன், ஒருநாள் பள்ளிக்கு வந்து கற்பிப்பீர்களா என்று. சற்று நேரம் பேச்சில்லை.

"யார் வீட்டுப் பிள்ளைங்களுக்கு?" என்றார்.

"எல்லார் வீட்டுப் பிள்ளைகளுக்கும் அப்பா. பெண்பிள்ளைகளுக்கும் சேர்த்து."

"அப்படின்னா வர்றேன்" என்றார்.