தேவதத்தன் வீட்டில் இல்லை

இந்தியத் தத்துவ நூல்களில் தேடப்படும் மனிதர் ஒருவர் உண்டு. பெயர் தேவதத்தன். ‘அருத்தாபத்தி’ என்னும் அளவையை விளக்க வேண்டி வந்தால் மீமாம்சகர்கள் அவரைத்தான் கூப்பிடுவார்கள். தேவதத்தன் உயிரோடு இருக்கிறான், வீட்டில் இல்லை, ஆகவே வெளியே எங்கோ இருக்கிறான். அவன் வெளியே இருப்பதை யாரும் பார்க்கவில்லை. ஆனால் அப்படிக் கொள்ளாவிட்டால் தெரிந்த இரண்டு செய்திகளும் ஒன்றோடொன்று ஒத்துப்போகா. அந்த முரண் தீர்வதற்காகவே காணாத மூன்றாவது செய்தியை அறிவு ஏற்றுக்கொள்கிறது.

காணாமல் போனவர் பற்றிய விசாரணையும் இதே வடிவில்தான் தொடங்குகிறது. ஆனால் முதல் கால் ஒடிந்த நிலையில். வீட்டில் இல்லை என்பது தெரியும். உயிரோடு இருக்கிறார் என்பது தெரியாது. அந்த ஒரு செய்தி உறுதியில்லாமல் போனதும் ‘வெளியே இருக்கிறார்’ என்ற முடிவும் ஆட்டம் காண்கிறது. காவல் நிலையத்தில் புகார் எழுதிக் கொடுக்கும் குடும்பத்தார் மீமாம்சகரைப் போலப் பேசுவார்கள்: எங்கேயோ இருக்கிறார், தேடிக் கொடுங்கள். எழுதிக்கொள்ளும் காவலர் ‘உயிரோடு இருக்கிறார்’ என்ற அந்த முதல் வாக்கியத்தையும் சேர்த்துத்தான் தேட வேண்டியிருக்கிறது.

பூந்தமல்லிக்கு மேற்கே, பெங்களூரு நெடுஞ்சாலையில் உள்ள நசரத்பேட்டையை எடுத்துக்கொள்ளலாம். வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரை செல்லும் வெளிவட்டச் சாலை நெடுஞ்சாலையைக் குறுக்கே கடக்கும் இடம் அதன் பக்கத்தில்தான் இருக்கிறது. இங்கே சாலையோரம் நின்று ஏதோ ஒரு வண்டியில் ஏறியவர் மறுநாள் காலை ஓசூரிலும் இருக்கலாம், மீஞ்சூர்ப் பக்கமும் இருக்கலாம். கோயம்பேடு போய்ச் சென்னைக்குள் கலந்திருக்கலாம். இன்னும் சற்று மேற்கே செம்பரம்பாக்கம் ஏரி வேறு. மீமாம்ச நூல் ‘வெளியே’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடும் இடம் இங்கே இவ்வளவு பெரியது. அதனால்தான் புகார்த் தாளில் கேட்கப்படும் கேள்விகள் அவ்வளவு சின்னவையாக இருக்கின்றன: வயது, உயரம், நிறம், கடைசியாக உடுத்தியிருந்த சட்டையின் நிறம், கையில் பச்சை குத்தியிருக்கிறதா, மச்சம் எங்கே, செருப்பு போட்டிருந்தாரா, கடைசியாகப் பார்த்தது யார், எத்தனை மணிக்கு.

‘இல்லை’ என்பதை எப்படி அறிகிறோம் என்பது இந்தியத் தருக்கத்தில் நெடுநாள் வழக்கு. ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்த மீமாம்சகர் குமாரில பட்டரின் வழிவந்தவர்கள் ‘அனுபலப்தி’, அதாவது காணாமை, தனி அளவையே என்றார்கள். அத்வைதிகளும் அதை ஏற்றார்கள். தனி அளவை வேண்டியதில்லை, இன்மையைக் காட்சியே காட்டிவிடும் என்பது நையாயிகர் கட்சி. இந்த வாதங்கள் தமிழுக்கும் புதியவை அல்ல. மணிமேகலையின் 27-ஆம் காதையில், வஞ்சி நகரில் அளவைவாதி அடுக்கும் பட்டியலில் அருத்தாபத்தியும் இன்மையாகிய அபாவமும் இருக்கின்றன.

சண்டையில் யார் வென்றாலும் விசாரணைக்குப் பயன்படுவது இரு தரப்பும் ஒத்துக்கொண்ட ஒரு நிபந்தனை. காணாமை எல்லாமே இன்மைக்குச் சான்றாகிவிடாது. இருந்திருந்தால் கட்டாயம் கண்ணில் பட்டிருக்கும் என்ற நிலையில் தேடியும் காணாவிட்டால்தான் ‘இல்லை’ என்று சொல்ல உரிமை வருகிறது. வெளிச்சமுள்ள அறையில் தரையைப் பார்த்துக் குடம் இல்லை என்று சொல்லலாம். அதே அறையில் பிசாசு இல்லை என்று சொல்ல முடியாது. இருந்தாலும் அது கண்ணுக்குத் தெரியாதே. நூல்கள் இதை ‘யோக்கிய அனுபலப்தி’ என்று வகைப்படுத்தும். ‘தேடிப் பார்த்தோம், கிடைக்கவில்லை’ என்று முடியும் ஒவ்வொரு அறிக்கையிடமும் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். எங்கே தேடினீர்கள்? அவர் அங்கே இருந்திருந்தால் உங்கள் கண்ணில் பட்டிருப்பாரா? மருத்துவமனைச் சேர்க்கைப் பதிவேட்டில் பெயர் இல்லை என்பது, நினைவோடு வந்து பெயர் சொன்னவர்களைப் பற்றி மட்டுமே சான்று. பெயர் தெரியாமல் சேர்க்கப்பட்டவரைப் பற்றி அந்தப் பதிவேடு எதுவும் சொல்லாது. அடையாளம் தெரியாத உடல்களின் பட்டியலையும் தனியாகப் பார்க்க வேண்டும். பல வழக்குகளில் ஒரு நிலையத்தின் ‘காணவில்லை’யும் இன்னொரு நிலையத்தின் ‘அடையாளம் தெரியவில்லை’யும் ஒரே ஆளைக் குறித்தவை, இரண்டு தாள்களும் சந்திக்காததுதான் கோளாறு.

2016 ஜூலை 22 அன்று தாம்பரம் விமானப்படைத் தளத்திலிருந்து போர்ட் பிளேருக்குக் கிளம்பிய ஏ.என்.-32 விமானம் 29 பேருடன் வங்கக்கடல் மேல் மறைந்தது. கப்பல்களும் விமானங்களும் வாரக்கணக்கில் கடலை அலசின. ஒரு துண்டும் அகப்படவில்லை. அந்தக் காணாமை எதற்கும் சான்றாகவில்லை, ஏனென்றால் ஆழ்கடல் தரையில் கிடந்திருந்தால் கட்டாயம் கண்ணில் பட்டிருக்கும் என்று சொல்லத்தக்கதாக அன்றைய தேடல் இல்லை. தேசியப் பெருங்கடல் தொழில்நுட்பக் கழகத்தின் தானியங்கி நீர்மூழ்கிக் கலம் சுமார் 3,400 மீட்டர் ஆழத்தில் எடுத்த படங்களில் சிதைவுகள் தென்பட்டதாக 2024 ஜனவரியில் பாதுகாப்பு அமைச்சகம் அறிவித்தது. அறிவிப்பில் தருக்கத்துக்கு உகந்த ஒரு வரி இருந்தது: அப்பகுதியில் வேறு விமானம் எதுவும் காணாமல் போனதாகப் பதிவு இல்லை, ஆகவே இது அந்த விமானமாகவே இருக்கக்கூடும். மற்றவை எல்லாம் கழிந்தபின் மிஞ்சுவதைக் கொள்ளும் இந்த முறைக்குப் பழைய பெயர் பாரிசேடம். ஏழரை ஆண்டு காத்திருந்த குடும்பங்களுக்குக் கிடைத்ததும் அந்த மிச்சம்தான்.

தமிழ்நாட்டில் இன்றுவரை முடியாத, முடிக்கவும் இயலாத காணாமற்போதல் ஒன்று உண்டென்றால் அது மேட்டுக்குப்பத்து வழக்கு. இராமலிங்க அடிகளார் 1874 ஜனவரி 30 அன்று, வடலூருக்கு அருகே மேட்டுக்குப்பம் சித்திவளாகத்தில் ஓர் அறைக்குள் சென்றார். கதவு சாத்தப்பட்டது. அதற்குப்பின் அவரை யாரும் பார்க்கவில்லை. அவருக்கு வயது ஐம்பது.

இதை வழக்காக எடுத்துப் பார்ப்பது அவமதிப்பு ஆகாது. அன்பர்களே அறையைப் பற்றிய சாட்சியங்களைத் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். சிக்கல் என்னவென்றால் சாட்சியங்கள் தம்முள் பொருந்தவில்லை. அடிகளாரின் முதல் மாணாக்கர்களில் ஒருவரும் சென்னை மாநிலக் கல்லூரியில் தமிழ் கற்பித்தவருமான தொழுவூர் வேலாயுத முதலியார், 1882-இல் வெளியான தம் வாக்குமூலத்தில், ஓராண்டு கழித்து அறை திறந்து பார்க்கப்பட்டதாகவும் உள்ளே வெறுமைதான் இருந்ததாகவும் சொல்கிறார். வழங்கிவரும் வரலாறோ, 1874 மே மாதமே அரசு அதிகாரிகள் வந்து கதவைத் திறந்தார்கள், எதுவும் காணாமல் திரும்பினார்கள் என்கிறது. 1906-இல் வெளியான தென்னார்க்காடு மாவட்ட கெசட்டியர் இரண்டையும் சொல்லவில்லை. அவர் உள்ளே போனார், அதன்பின் காணப்படவில்லை, அறை இன்னும் பூட்டியே இருக்கிறது. இறைவனோடு ஒன்றிவிட்டார், ஒருநாள் திரும்பத் தோன்றுவார் என்று நம்புவோர் கருதுகிறார்கள் என்ற அளவில் அது நிறுத்திக்கொள்கிறது. திறந்த கதவை மறுபடி பூட்டலாம் என்பதால் இவற்றை எப்படியாவது இணைத்துவிட முடியும். ஆனால் மே மாதமும் ஓராண்டும் ஒன்றாகா.

மூன்று சாட்சியங்களையும் ஒத்துக்கொண்டாலும் யோக்கிய அனுபலப்தியின் நிபந்தனை நிறைவேறவில்லை. அறையில் இல்லை என்பது, கதவு திறந்த நொடியைப் பற்றிய அறிவு. அதற்கு முந்தைய மாதங்களில் கதவு ஒருமுறைகூடத் திறக்கப்படவில்லை என்பதற்கு யார் சாட்சி? காவல் இருந்தவர் யார், எத்தனை நாள், இரவில் யார்? இவை அன்றே எழுதப்படவில்லை. கொலை நடந்திருக்கும் என்று பிற்காலத்தில் கிளம்பிய ஐயமும் இதே ஓட்டையின் வழியாகத்தான் நுழைகிறது. அதற்கும் வெற்று அறையைத் தவிர வேறு ஆதாரம் கிடையாது. ஓர் இன்மையிலிருந்து ஒளியுடல் பெற்றார் என்றும் முடிவு கட்டலாம், கொல்லப்பட்டார் என்றும் முடிவு கட்டலாம் என்றால் அந்த இன்மை இரண்டுக்குமே சான்றாகவில்லை என்று பொருள்.

அப்படியானால் அன்பர்களின் நம்பிக்கைக்கு என்ன அடிப்படை? அது அறையிலிருந்து வந்ததே இல்லை என்பதுதான் விடை. தமிழ்ச் சமய மரபில் உடலை விட்டுச் செல்லாமல் மறைந்தவர்களின் வரிசை நீளமானது. திருஞானசம்பந்தர் நல்லூர்ப் பெருமணத்தில் திருமணக் கூட்டத்தோடு சோதியில் கலந்தார் என்று எழுதிய சேக்கிழார் நசரத்பேட்டைக்குத் தெற்கே குன்றத்தூரில் பிறந்தவர். மாணிக்கவாசகர் தில்லையிலும், ஆண்டாளும் திருப்பாணாழ்வாரும் திருவரங்கத்திலும் இறைவனோடு இரண்டறக் கலந்ததாகவே மரபு கொள்கிறது. மரணமில்லாப் பெருவாழ்வைத் தம் நெறியின் உயிராகச் சொன்ன அடிகளாரை அந்த வரிசையில் வைப்பவர்கள் அவர் வாக்கை ஏற்று வைக்கிறார்கள். அது ஆகம அளவை. கதவின் சாட்சியம் அதற்குத் துணையாக வந்தது, ஆதாரமாக வரவில்லை. கதவைக் காட்டி நம்பிக்கையை நிறுவ முயல்வது எவ்வளவு பிசகோ, அவ்வளவு பிசகு கதவைக் காட்டி அதைக் கலைக்க முயல்வதும்.

அறியவே முடியாது என்றால் எவ்வளவு காலம் காத்திருப்பது? இங்கே சமயமும் சட்டமும் அறிவைக் கைவிட்டு, நாள் குறிக்கின்றன. 1872-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்தில் 108-ஆம் பிரிவாக இருந்து, 2024 ஜூலை முதல் பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 111-ஆம் பிரிவாகியுள்ள விதி, இயல்பாகச் செய்தி தெரிந்திருக்க வேண்டியவர்களுக்கு ஏழாண்டு செய்தியே இல்லாவிட்டால், அவர் உயிரோடிருப்பதை மெய்ப்பிக்கும் பொறுப்பு அப்படிச் சொல்பவரைச் சேரும் என்கிறது. இது மெய்ப்பிக்கும் சுமை யார் தலையில் என்ற ஏற்பாடுதான். எந்த நாளில் இறந்தார் என்பதை ஏழாண்டு முடிந்தது என்பதை வைத்து ஊகிக்க முடியாது என்று 2004-இல் ஒரு காப்பீட்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. ஆக, சட்டத்தின் பார்வையில் இறந்தவராகக் கொள்ளப்படும் ஒருவருக்கு இறந்த தேதி கிடையாது. திதி கொடுக்க நினைக்கும் குடும்பத்துக்கு இது பெரிய இடைஞ்சல்.

தர்மசாத்திரங்கள் பொதுவாகப் பன்னிரண்டு ஆண்டுகள் காத்திருக்கச் சொல்லும். அதன்பின் தர்ப்பையாலோ பலாசத்தாலோ உருவம் செய்து, அதற்குத் தகனமும் கருமமும் நடத்தலாம். எல்லாம் முடிந்தபின் ஆள் திரும்பி வந்துவிட்டால் என்ன செய்வது என்பதற்கும் அங்கே விதி உண்டு. வந்தவரை நெய்யில் அமிழ்த்தி எடுத்து, நீராட்டி, பிறந்த குழந்தைக்குச் செய்யும் சாதகர்மத்திலிருந்து தொடங்கிச் சடங்குகளை மறுபடி செய்து, தம் மனைவியையே மீண்டும் மணந்துகொள்ளச் செய்ய வேண்டும். படிக்கையில் சிரிப்பு வரலாம். ஆனால் செத்தார் என்று தீர்மானித்தது தவறாகவும் இருக்கக்கூடும் என்பதைச் சடங்குக்குள்ளேயே எழுதி வைத்த நேர்மை அதில் இருக்கிறது. இசுலாமியச் சட்டத்தில் மாலிக்கி மரபு மனைவியின் காத்திருப்பை நான்கு ஆண்டு என்று வைத்தது. ஹனஃபி மரபில் அது மிக நீண்டது. இந்தியாவின் 1939-ஆம் ஆண்டு முஸ்லிம் திருமண முறிவுச் சட்டம் நான்கையே எடுத்துக்கொண்டது. கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம் ஆண்டுக் கணக்கே வைக்கவில்லை. நெடுநாள் காணவில்லை என்பது மட்டும் போதாது, மரணம் நேர்ந்தது என்று ஆயருக்கு உறுதிப்பாடு வர வேண்டும் என்கிறது.

இந்த நாள் குறிப்பை ஏற்க மறுக்கும் உரிமையும் உண்டு. இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கிய தொடர் போராட்டத்தில் மரணச் சான்றிதழை வாங்க மறுத்தார்கள். உயிரோடும் இறந்தும் இல்லாத நிலைக்கென 2016-இல் அங்கே ‘காணாமற்போனமைச் சான்றிதழ்’ ஒன்று சட்டமாக்கப்பட்டிருந்தது. அதுவும் பலருக்குப் போதவில்லை. அரசின் கையில் ஒப்படைத்த பிள்ளை எங்கே என்று கேட்பவருக்கு, தெரியாது என்று அந்த அரசே முத்திரையிட்டுத் தரும் தாள் எப்படி விடையாகும்? இயற்கையில் தொலைந்தவரையும் ஒருவரால் தொலைக்கப்பட்டவரையும் ஒரே விதியால் அளப்பது தருக்கப்படியும் தவறு. பின்னதில் அறிந்தவர் ஒருவர் இருக்கிறார். அவர் வாய் திறக்கவில்லை, அவ்வளவே.

எதிர்ப்பக்கத்தில், தேடப்பட விரும்பாதவரும் உண்டு. நள்ளிரவில் அரண்மனையை விட்டுப் போன சித்தார்த்தனைப் பற்றி கபிலவஸ்துவில் புகார் எழுதியிருந்தால் அதுவும் ‘ஆண் காணவில்லை’ வழக்குதான். துறவு பூண்டவரை உலகியலில் இறந்தவராகவே பழைய இந்துச் சட்டம் கொண்டது. சொத்து வாரிசுக்குப் போய்விடும். இன்றும் ஆட்கொணர்வு மனுவில் வரவழைக்கப்பட்டவர், வயது வந்தவராக நின்று, தாமாகவே போனேன் என்று சொன்னால் நீதிமன்றம் அவரை வீட்டுக்கு அனுப்புவதில்லை. விசாரணை அவர் உயிரோடும் சுதந்திரத்தோடும் இருப்பதை அறிவது வரைதான். வீட்டாருக்கு முகவரி சொல்ல வேண்டுமா என்பது வேறு கேள்வி. உயிரோடிருக்கிறார் என்ற செய்தியையாவது அறியும் உரிமை அவர்களுக்கு உண்டென்று கொள்வதே நியாயம். அதற்கு மேல் கேட்பது அன்பாக இருக்கலாம், உரிமை ஆகாது.

குழந்தைகள் விஷயத்தில் மட்டும் சட்டம் ஐயத்துக்கு இடம் வைக்கவில்லை. காணாமல் போன குழந்தை பற்றிய புகாரை உடனே முதல் தகவல் அறிக்கையாகப் பதிய வேண்டும், குற்றம் நடந்ததாகவே கொண்டு விசாரிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013 மே மாதம் உத்தரவிட்டது. பெரியவர்களுக்கு அந்த ஊகம் இல்லை. ஆனால் மேட்டுக்குப்பத்தில் நேர்ந்ததுபோல முதல் சில நாட்கள் எழுதப்படாமல் போனால், பின்னால் எத்தனை பேர் எவ்வளவு தேடினாலும் அந்த இடைவெளி நிரம்பாது. கடைசியாகப் பார்த்தவரின் நினைவு மங்கும். கண்காணிப்புக் கேமராவின் பதிவு சில வாரங்களில் அழிந்து புதிது ஏறிவிடும். பெரியவர் ஒருவர் காணாமல் போனால் புகார் கொடுக்க 24 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்று பலர் நம்புகிறார்கள். இந்தியச் சட்டத்தில் அப்படி ஒரு விதி எங்கும் இல்லை.