அம்மம்மா வைத்த வடலி



தொடக்கநூலின் 21ஆம் அதிகாரத்தில் ஒரு சிறு செய்தி உண்டு. நம்மில் பலர் அதைக் கவனியாமலே கடந்துவிடுகிறோம். நூறு வயதைத் தாண்டிய ஆபிரகாம், தாம் அந்நியனாய்த் தங்கியிருந்த பெயேர்செபாவிலே ஒரு மரத்தை நட்டார். அங்கே ஆண்டவரைத் தொழுதார். அந்த வயதிலே அவர் மரம் நடுவானேன்? அது வளர்ந்து நிழல் தரும்போது அதன் கீழ் இருக்கப் போவது யார்?

இக்கேள்விக்கு விடையை இரணைமடுவிலே ஒரு மூதாட்டியின் வாழ்வில் கண்டோம். அவர் பெயர் வேண்டாம். உங்கள் வீட்டு அம்மம்மாவாகவே அவரை எண்ணிக்கொள்ளுங்கள்.

1936ஆம் ஆண்டு கிளிநொச்சியில் குடியேற்றம் தொடங்கியபோது, இரணைமடுக் குளத்து நீரை நம்பி யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பங்களுள் அவருடையதும் ஒன்று. அப்போது அவருக்கு ஆறு வயது. காடு வெட்டிக் கழனியாக்கிய அந்த மண்ணிலேயே வளர்ந்தார், மணமுடித்தார், பிள்ளைகளைப் பெற்றார், பேரப்பிள்ளைகளையும் கண்டார்.

மாரியில் குளம் வான் பாய்கிறது என்று கேட்டால் முதலில் சிலுவை அடையாளம் இடுவார். பிறகுதான் வயலைப் பற்றிப் பேசுவார். குளித்த தண்ணீர் வாழையடிக்குப் போகாமல் வீணாய் ஓடினால் பிள்ளைகளுக்கு ஏச்சு விழும். முற்றத்து மாவில் முதற்பழம் அணிலுக்கு என்று விட்டுவிடுவார். மாலையில் வேம்பின் கீழ்ப் பாய் விரித்துச் செபமாலை சொல்வார். மூன்றாம் தேவஇரகசியத்துக்குள் தூங்கிவிழும் பேரப்பிள்ளையின் தலை அவர் மடியில் இருக்கும்.

போர் அவரையும் விடவில்லை. 1996இல் ஒருமுறை, 2008இல் மறுமுறை அந்த வளவை விட்டு ஓடினார். முகாம் வாழ்வு முடிந்து 2010இல் திரும்பியபோது வீடும் இல்லை, வேம்பும் இல்லை. வேலியோரப் பனைகள் பதுங்கு குழிகளுக்காகத் தறிபட்டுப் போயிருந்தன. வயதோ எண்பது. தகரக் கொட்டிலிலே இருந்துகொண்டு அவர் செய்த முதல் வேலை என்ன தெரியுமா? பனங்கொட்டை பொறுக்கி வந்து, மழைக்கு முன்னே வேலியோரம் வரிசையாகப் புதைத்ததுதான்.

தென்னையை வைத்தவன் தின்று சாவான், பனையை வைத்தவன் பார்த்துச் சாவான் என்பது நம் முன்னோர் மொழி. எட்டு வயதுப் பேத்தி கேட்டாள்: "அம்மம்மா, இது காய்க்கேக்கை நீங்கள் இருப்பியளோ?"

"நான் இல்லாட்டி என்ன மோனை? நீ இருப்பாய். ஆண்டவரும் இருப்பார்."

அன்பர்களே, ஆபிரகாமின் மரத்துக்கு இதுவே விளக்கம். தனக்குப் பின்னும் கடவுள் இருக்கிறார், அவருடைய உலகம் இருக்கிறது என்று நம்புகிறவரே பலனைத் தாம் காணாத விதையை நடுவார். நாம் அறிக்கையிடும் விசுவாசத்தை அந்தத் தாய் மண்வெட்டியால் அறிக்கையிட்டார்.

2023இல், தொண்ணூற்று மூன்றாம் வயதில், அவர் கண்மூடினார். வெளிநாடுகளிலிருந்து பிள்ளைகள் வந்தனர். முப்பத்தோராம் நாள் திருப்பலி சிறப்பாக நடந்தது. இயற்கையை நேசித்த தாய் என்று நினைவு மலரிலும் அச்சிட்டனர். மறுநாள் காணி பங்கிடும் பேச்சு வந்தது. எல்லையில் மதில் எழுப்ப வேண்டும், வடலிகள் இடைஞ்சல், தறிக்க ஆள் பேசியாயிற்று!

அவர்களைக் குறைகூற நாம் வரவில்லை. காணி பங்கிட வேண்டியதுதான், மதிலும் தேவைதான். ஆயினும் முதல்நாள் மலரில் புகழ்ந்ததை மறுநாள் கத்தியால் அழிப்பது நம்மில் பலருடைய வழக்கமன்றோ?

அன்று கேள்வி கேட்ட பேத்தி, இன்று வளர்ந்த பெண், மெதுவாகச் சொன்னாள்: "மதிலை ரெண்டடி உள்ளுக்கு எழுப்புங்கோவன்." சற்று நேரம் ஒருவரும் பேசவில்லை. பின்பு மூத்த மாமா தலையசைத்தார். இரண்டடி நிலம் போயிற்று, வடலிகள் நிற்கின்றன.

திமொத்தேயுவின் விசுவாசம் முதலில் அவருடைய பாட்டி லோயியிடமும் தாய் யூனிக்கியிடமும் இருந்தது என்று புனித பவுல் எழுதுகிறார். திருத்தந்தை பிரான்சிஸ் அவர்களும் தம் பாட்டி றோசாவிடமிருந்தே விசுவாசத்தை முதலில் பெற்றதாகப் பலமுறை சொன்னார். படைப்பைப் பேணும்படி 2015இல் உலகுக்குத் திருமடல் எழுதியவரும், 2021 முதல் யூலை மாதத்து நான்காம் ஞாயிறை முதியோருக்கென ஒதுக்கியவரும் அவரே. இவ்விரண்டும் வேறுவேறு அல்ல என்பதை இரணைமடுத் தாய் நமக்குக் காட்டுகிறார்.

உங்கள் அம்மம்மா உயிரோடிருந்தால் இந்த ஞாயிறே போய் அருகில் இருங்கள். வளவிலுள்ள மரங்களை யார், எப்போது வைத்தது என்று கேளுங்கள். அவர் ஆண்டவரிடம் போய்விட்டாரா? திருப்பலி ஒப்புக்கொடுங்கள், அதோடு அவர் வைத்ததில் ஒன்றையாவது காத்துக்கொள்ளுங்கள். அதற்காக இரண்டடி நிலம் போனால் போகட்டும்.

ஆண்டவரே, நாங்கள் நடாத மரத்தின் நிழலில் இருக்கிறோம். எங்களுக்குப் பின்வருவோருக்கும் நிழல் வைத்துப் போக எங்களுக்கு மனம் தாரும். ஆமென்.