சிவனேன்னு கிட

எங்கள் ஊர்ப் பக்கம் பெண்பிள்ளைகளை அடக்குவதற்கு ஒரு சொல் உண்டு. "சிவனேன்னு கிட." மாமியார் ஏசினாளா, சிவனேன்னு கிட. உன் நகையைக் கேட்காமலே அடகு வைத்துவிட்டார்களா, சிவனேன்னு கிட. ஆண்களிடமும் இதைச் சொல்வார்கள். ஆனால் அவர்களிடம் சொல்லும்போது, வீண் வம்புக்குப் போகாதே என்று பொருள். நம்மிடம் சொல்லும்போது, வாயைத் திறக்காதே என்று பொருள். ஒரு கடவுளின் பெயர் இப்படி வாய்ப்பூட்டாக மாறியதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆச்சரியம்தான்.

என் அம்மா சத்துணவுக் கூடத்தில் சமைத்தார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு வடித்துக் கொட்டிவிட்டு வந்து, வீட்டில் திரும்பவும் உலை வைப்பார். இரவு பாயில் சாய்ந்ததும் "சிவனே" என்று ஒரு பெருமூச்சு. சாப்பிட உட்காரும்போது முதல் கவளத்தைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணை மூடுவார். கல்லூரியில் சேர்ந்து நாலு பெண்ணியப் புத்தகம் படித்த புதிதில் அந்தக் கண்மூடல் என்னை எரிச்சலூட்டும்.

"நீ ஒழச்சு, நீ ஆக்கின சோறு. இதுக்கு யாருக்கும்மா நன்றி சொல்றே?" என்று ஒருநாள் கேட்டேன்.

"பின்ன, ஒங்கப்பாவுக்குச் சொல்லச் சொல்றியா?" என்றார்.

அன்று அதை வெறும் நையாண்டி என்று எடுத்துக்கொண்டேன். அது நையாண்டிதான். ஆனால் அதற்குள் ஒரு தீர்மானமும் இருந்தது. தன் நன்றியை யாரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்பதை அவரே முடிவு செய்துவைத்திருந்தார். வீட்டில் யாரும் "நான் போட்ட சோறு" என்று அவரிடம் பேச முடியாதபடி, கணக்கை மேலே ஒருவரோடு நேராக முடித்துக்கொண்டிருந்தார். இது எனக்குப் புரிய இருபது ஆண்டுகள் ஆயின. இப்படிச் சொல்லி அம்மாவின் பக்தியை முழுக்க விடுதலையாக்கிவிடவும் எனக்கு விருப்பமில்லை. ஏனென்றால் 2014இல் நடந்தது வேறு.

அந்த ஆண்டு அம்மாவின் மார்பில் கட்டி இருப்பது தெரிந்தது. எங்களுக்குத் தெரிந்ததுதான் அப்போது. அவருக்கு எட்டு மாதமாகத் தெரிந்திருக்கிறது. "ஏன் சொல்லலை?" என்று டாக்டர் கேட்டதற்கு, "அவன் பாத்துப்பான்னு இருந்தேன்" என்றார். டாக்டர் என்னைப் பார்த்தார். படித்த பெண்ணான நான் தலையைக் குனிந்துகொண்டேன். அன்று எனக்குச் சிவன் மேல் வந்த கோபம் கொஞ்சமல்ல.

அறுவை சிகிச்சை முடிந்து ஒரு வாரம் கழித்து, இரவில், வார்டில் விளக்கணைத்த பிறகு அம்மா தானாகவே சொன்னார். "ஒனக்கு அப்ப புத்தகம் எழுதற வருஷம். புள்ளைய யார் பாப்பா? நான் படுத்துட்டா அப்பாவுக்கு யார் ஆக்கிப் போடுவா? தம்பிக்கு லீவு கெடைக்காது. எல்லாம் கணக்குப் போட்டுப் பாத்தேன். ஒண்ணும் சரியா வரலை. அப்புறந்தான் அவன் பாத்துப்பான்னு விட்டேன்."

புத்தகம் என்று அவர் சொன்னது என் ஆய்வேடு. பக்தி இலக்கியத்தில் பெண் குரல் பற்றி நான் அத்தியாயம் அத்தியாயமாக எழுதிக்கொண்டிருந்தபோது, பக்கத்து அறையில் மார்பில் கட்டியோடு ஒரு பெண் என் பிள்ளையைத் தூங்கவைத்துக்கொண்டிருந்தார். நன்றியுரையில் அவர் பெயர் இருக்கிறது. இரண்டாவது பத்தியில்.

அந்த இரவுக்குப் பிறகுதான் எனக்கு ஒரு வேறுபாடு தெரியத் தொடங்கியது. அம்மா கடவுளை நம்பிக் காத்திருக்கவில்லை. துணைக்கு ஆளில்லை என்று கணக்குப் போட்டுப் பார்த்து, அந்த இல்லாமைக்கு நம்பிக்கை என்று பெயர் வைத்துவிட்டார். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். இரண்டிலும் முகம் அமைதியாக இருக்கும். இரண்டிலும் "போதும்" என்ற சொல் வரும். பந்தியில் கடைசியாக உட்காரும் பெண் அடிச்சட்டியைப் பார்த்துவிட்டுச் சொல்லும் "போதும்" வேறு, வயிறு நிறைந்து சொல்லும் "போதும்" வேறு. நாம் முன்னதைப் பார்த்து, எவ்வளவு மனநிறைவு என்று மெச்சிக்கொண்டிருக்கிறோம்.

வகுப்பில் காரைக்காலம்மையாரைப் பல ஆண்டுகளாக நடத்துகிறேன். ஆறாம் நூற்றாண்டு, பதினொன்றாம் திருமுறை, அற்புதத் திருவந்தாதி என்று தேர்வுக்குரியதைச் சொல்லிவிட்டுக் கதைக்குப் போவேன். கதையைப் பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் விரித்துச் சொல்கிறார். பரமதத்தன் இரண்டு மாம்பழங்களை வீட்டுக்குக் கொடுத்தனுப்புகிறான். பசியோடு வந்த சிவனடியாருக்குப் புனிதவதி ஒன்றைப் படைத்துவிடுகிறார். மற்றொன்றைக் கணவன் தின்கிறான், சுவை பிடித்து இரண்டாவதையும் கேட்கிறான். அவர் இறைவனை நினைக்க ஒரு பழம் கையில் வருகிறது. அது முன்னதைவிடச் சுவையாக இருக்கவே, எங்கே கிடைத்தது என்கிறான். உண்மையைச் சொன்னதும், அப்படியானால் இன்னொன்று வரவழை என்கிறான். வந்த பழம் அவன் கைக்குப் போனதும் மறைகிறது. அம்மாவுக்கு முடியாமல் போன பிறகு இதை நடத்தியபோதுதான் எனக்கு உறைத்தது: ஆக நான்கு பழங்கள். அவற்றில் ஒன்றைக்கூடப் புனிதவதி தின்றதாகக் கதையில் இல்லை.

பிறகு நடந்தது தெரியும். பயந்துபோன பரமதத்தன் கப்பலேறுகிறான். பாண்டிநாட்டில் வேறு மணம் செய்து, பிறந்த மகளுக்குப் புனிதவதி என்றே பெயரிடுகிறான். உறவினர் இவரை அழைத்துக்கொண்டு போய் அவன் முன் நிறுத்த, குடும்பத்தோடு காலில் விழுகிறான். அந்தக் காட்சியில் அவர் அழவில்லை, சபிக்கவில்லை. அவனுக்காகத் தாங்கிய இந்தச் சதை இனி எனக்கு வேண்டாம், உன் பக்கத்தில் நிற்கும் பேய் வடிவைத் தா என்று இறைவனிடம் கேட்கிறார். கயிலைக்குத் தலையால் நடந்துபோகிறார். சிவன் அவரை அம்மையே என்று அழைக்கிறான். அங்கேயும் கேட்பதை அவர் நிறுத்தவில்லை. குறையாத அன்பு, பிறவாமை, பிறந்தாலும் உன்னை மறவாமை, நீ ஆடும்போது உன் அடிக்கீழ் இருக்க ஓர் இடம். பட்டியல் நீளம். சிவனேன்னு கிடந்த பெண் இல்லை அவர்.

அந்தாதியின் முதல் இரண்டு பாடல்களை அடுத்தடுத்து வைத்துப் படியுங்கள். முதற்பாட்டில், பேசத் தெரிந்த நாள்முதல் உன்னை நினைத்திருக்கிறேனே, என் துயரை எப்போது தீர்ப்பாய் என்று நேராகக் கேட்கிறார். இரண்டாவதில், அவன் தீர்க்காவிட்டாலும் இரங்காவிட்டாலும் வழி காட்டாவிட்டாலும் என் அன்பு போகாது என்கிறார். இந்த வரிசை முக்கியமென்று எனக்குப் படுகிறது. முதலில் துயரைத் துயரென்று சொல்கிறார். அதன் பிறகே நம்பிக்கை வருகிறது. நமக்குக் கற்றுத்தரப்படுவது முதற்பாட்டைக் கிழித்துவிட்ட அந்தாதி.

இதையெல்லாம் கொஞ்சம் பெருமையாகச் சொல்லி முடித்த ஒருநாள், கடைசி பெஞ்சிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். தமிழ்த்துறையில் எங்களை அம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். "அம்மா, பேயாகாம அவங்களுக்கு நிம்மதி கெடைக்கவே கெடைக்காதாம்மா? ஒடம்போடயே கேட்டிருக்கக் கூடாதா?"

என்னிடம் விடை இல்லை. மணி அடித்தது காப்பாற்றியது. அடுத்த பாடம் திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகம். பெண்பேயின் வற்றிய மார்பையும் குழிந்த கண்ணையும் புடைத்த நரம்பையும் சொல்லித் தொடங்குவது. அதை எத்தனையோ முறை நடத்தியிருக்கிறேன். அம்மாவுக்கு ஒரு பக்கத்து மார்பை எடுத்த பிறகு, அந்தப் பாட்டின் முதற்சொல்லில் என் குரல் நின்றுவிட்டது. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் சோழர் காலத்து அம்மையார் ஒருவர் இருக்கிறார். செப்புத் திருமேனி, எலும்பும் தோலுமாக, கையில் தாளத்தோடு. அந்தப் படத்தை மாணவிகளுக்குக் காட்டும்போதெல்லாம், அழகில்லாத உடம்பில் எவ்வளவு ஆனந்தம் பாருங்கள் என்பேன். இப்போது அந்த வாக்கியத்தைச் சொல்வதில்லை. தாளத்தை மட்டும் காட்டுகிறேன்.

அம்மா அதன் பிறகு நான்கு ஆண்டுகள் இருந்தார். மருந்தோ வலியோ அல்ல, அவர் கேட்கத் தொடங்கியதுதான் அந்த நாலு வருஷத்தில் எனக்கு அதிசயம். சன்னலோரக் கட்டில் வேண்டும் என்றார். காலையில் ஒருமணி நேரம் யாரும் தன்னைக் கூப்பிடக் கூடாது என்றார். "இனிமே எனக்குச் சோறு நீங்க போடுங்க" என்று அப்பாவையும் தம்பியையும் பார்த்துச் சொன்னார். அப்பா அறுபத்தெட்டு வயதில் ரசம் வைக்கக் கற்றுக்கொண்டார். சுமாராகத்தான் வந்தது. அந்த ரசம் ஊற்றிய முதல் கவளத்தைக் கையில் வைத்துக்கொண்டு அம்மா வழக்கம்போலக் கண்ணை மூடினார். நான் கேட்கவில்லை. அவரே கண்ணைத் திறந்து, "ஒங்கப்பாவுக்கும் சேத்துத்தான்" என்றார்.

2016 ஆனியில் காரைக்கால் மாங்கனித் திருவிழாவுக்குப் போகவேண்டும் என்றார். பௌர்ணமி நாள், சரியான வெயில். பிச்சாடனர் வீதியுலா வர, மாடிகளிலிருந்து மாம்பழங்களை வீசினார்கள். குழந்தை வரம் வேண்டிய பெண்கள் முந்தானையை விரித்துக்கொண்டு நின்றார்கள். அதைப் பார்க்க எனக்கு ஒப்பவில்லை, அது வேறு கட்டுரை. யாரோ பிடித்த பழமொன்றை அம்மாவின் கையில் கொடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் பழக்கத்தில் நான் கத்தியை எடுத்தேன். எங்கள் வீட்டில் மாம்பழம் என்றால் கதுப்புகள் அப்பாவுக்கும் பிள்ளைகளுக்கும், கொட்டை அம்மாவுக்கு. அம்மாவுக்குக் கொட்டைதான் பிடிக்கும் என்று நாங்கள் வெகுகாலம் நம்பியிருந்தோம்.

"கத்தியை வை" என்றார். பழத்தைக் கழுவி எடுத்துக்கொண்டு சன்னலோரம் போய் உட்கார்ந்தார். தோலோடு கடித்து, முழுப்பழத்தையும் அவரே தின்றார். முழங்கை வரை சாறு வழிந்தது. துடைக்கத் துணி கொண்டுபோனேன். வேண்டாம் என்று தலையாட்டினார்.