கோபுர மந்திரமும் பரமபதக் கட்டமும்

திருக்கோஷ்டியூர் நம்பியிடம் எட்டெழுத்து மந்திரத்தின் பொருளைக் கேட்டறிந்த இராமானுஜர், வெளியே சொல்லக்கூடாது என்ற ஆணையை மீறிக் கோயில் கோபுரத்தில் ஏறி ஊரறிய முழங்கினார் என்கிறது வைணவ மரபு. ஆணையை மீறினால் நரகம் என்பது தெரிந்தே செய்தார். பலர் கடைத்தேறுவதற்காகத் தாம் ஒருவர் நரகம் புகத் துணிந்தாராம். அறிவைக் கொடுத்தவருக்கு அதைப் பூட்டி வைக்கும் உரிமையும் உண்டா?

இலங்கையின் ஹட்டன், நுவரெலியாத் தேயிலைத் தோட்டங்களில் வளர்ந்த ஓர் இளைஞர் பரமபதத்தையோ தாயத்தையோ கைப்பேசி விளையாட்டாக்கி இலவசமாகத் தர முனைந்தால், இதே கேள்வி அவருக்கும் எழும். ஏணிக்கும் பாம்புக்கும் யாரிடம் அனுமதி கேட்பது?

யாரிடமும் கேட்க வேண்டாம். கருத்துக்கும் செயல்முறைக்கும் பதிப்புரிமை கிடையாது என்கிறது இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம். தாயம் விழுந்தால்தான் காய் இறங்கும் என்பது எல்லோருக்கும் பொது. ஆனால் அதை விளக்கி ஒருவர் எழுதிய வாசகமும், அவர் வரைந்த பலகையும் அவருடையவை. அவர் இறந்து 70 ஆண்டு வரைக்கும் அந்த உரிமை நிற்கும். இலவசமாகக் கொடுக்கிறோம் என்பதற்காக இன்னொருவர் ஓவியத்தை எடுத்துவிட முடியாது. பரமபதத்தின் வடநாட்டு உறவான ஞான சௌபர் பலகைகளில் திருட்டும் ஒரு பாம்புதான்.

ஆட்டத்துக்கும் அதன் விளக்கத்துக்கும் இடையிலான இந்த வேறுபாடு நியாயமானது. காணி உறுதி ஏதுமின்றித் தலைமுறைகளாக லயம் எனும் வரிசை வீடுகளில் வாழ்ந்து, பிறர் பெயரில் இருந்த மண்ணில் உழைத்தவர்கள் மலையகத் தமிழர். பொதுவில் இருக்க வேண்டியதை ஒருவர் வளைத்துக்கொள்வதும், ஒருவரின் உழைப்பை மற்றவர் எடுத்துக்கொள்வதும் எவ்வளவு கொடியவை என்பதை அவர்களுக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை.

வெளிநாட்டிலும் இந்தக் கேள்வி எழுந்தது. 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டின் அடிப்படை விதிகள் 2000இல் திறந்த உரிமத்தில் வெளிவந்தன. 2023 தொடக்கத்தில் அந்த உரிமத்தை இறுக்க, விளையாட்டை வெளியிடும் விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனம் முயன்றது. ஆட்டக்காரர்கள் கொதித்தெழுந்தார்கள். அதே ஜனவரியில் விதித்தொகுப்பு கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்திலும் வெளியானது. மூலத்தின் பெயரைச் சொல்லி எவரும் எடுத்தாளலாம்.

ஆகவே அந்த இளைஞர் ஆட்டத்தைத் தயங்காமல் எடுத்துக்கொள்ளட்டும். விளக்கத்தைத் தோட்டத்துத் தமிழில் தாமே எழுதட்டும், பலகையையும் தாமே வரையட்டும். லயத்து வாசலில் ஆட்டம் சொல்லிக்கொடுத்த பாட்டியின் பெயரையும், அவர் சம்மதித்தால், முதல் திரையிலேயே போடட்டும். சட்டம் அதைக் கேட்கவில்லை என்றாலும்.