தலைமடையும் கடைமடையும்

தென்னேரி ஏரிப் பாசனத்தில் புது நெல் ரகத்தைத் தலைமடையிலும் பழையதைக் கடைமடையிலும் நடுகிறோம். புதுசு கூடுதலாக விளைகிறது. விளைவித்தது விதையா, முந்திப் பாய்ந்த தண்ணீரா? அந்த வயலைக் கேட்டுப் பயனில்லை.

1919-இல் இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் ஆய்வுப் பண்ணையில் சேர்ந்த ரொனால்ட் ஃபிஷர் இதற்கு வழி சொன்னார். தலைமடை, நடுமடை, கடைமடை என்று நிலத்தைப் பிரி. ஒவ்வொன்றிலும் எல்லா ரகத்தையும் நடு. எந்தப் பாத்திக்கு எது என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்.

பட்டு நூலுக்குச் சாயம் ஏற்றுவதில் சிக்கல் இன்னும் பெரிது. சூடு, நேரம், சாய அளவு, அமில அளவு, தண்ணீரின் கடினத்தன்மை, கிளறும் வேகம், அலசும் முறை என ஏழு காரணிகள். ஒவ்வொன்றுக்கும் இரண்டே நிலை வைத்தாலும் 128 சேர்க்கை. யாருக்குக் கட்டுப்படியாகும்?

எட்டுச் சாயத் தொட்டி போதும். எந்த இரண்டு காரணிகளை எடுத்தாலும் அவற்றின் நான்கு சேர்க்கைகளும் சம எண்ணிக்கையில் வரும்படி அடுக்கினால், ஏழின் தனித்தனி விளைவையும் மதிப்பிடலாம். இந்த 'ஆர்த்தோகனல் அரே' அட்டவணைகளுக்கு 1940-களில் பொதுக் கணித வடிவம் தந்தவர் நம் நாட்டுப் புள்ளியியலாளர் சி.ஆர். ராவ். ஜப்பானில் பொறியாளர் டாகுச்சி அவற்றைத் தொழிற்கூடங்களுக்குக் கொண்டுபோனார்.

ஒன்றை மட்டும் மாற்றி மற்றதைத் தொடாதே என்று பள்ளியில் படித்தோமே, அந்தப் பழக்கம்தான் நூலையும் நாளையும் அதிகம் விழுங்குகிறது என்பேன். ஆனால் சூடும் நேரமும் சேர்ந்து தனி விளைவு காட்டும் என்று சந்தேகம் இருந்தால் எட்டு போதாது, பதினாறு வேண்டும். தொட்டிகளின் வரிசையையும் குலுக்கியே எடுக்க வேண்டும். காலைத் தண்ணீரின் சூடு வேறு, மதியத்தினுடையது வேறு.